தாளா, மேடையா, படலையா: பிள்ளைகள் வீட்டில் காயப்படாமல் இருக்க எதற்குச் செலவழிப்பது?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குச் சென்ற மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா வந்தது. கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று, தாயாரின் ஆண்டுத் திவசத்தையொட்டி அனுப்பிய பணம். கூடவே ஒரு வரிக் கோரிக்கை: சிறுபிள்ளைகள் வீட்டில் விபத்துக்குள்ளாகாமல் இருக்க ஊரில் விழிப்புணர்வை உண்டாக்குங்கள். நிர்வாக சபைக் கூட்டத்தில் ஒன்பது பேர் இருந்தோம். ஐந்து யோசனைகள் வந்தன. துண்டுப்பிரசுரம் அடிக்கலாம் என்றார் ஒருவர். திருவிழாவில் ஒலிபெருக்கியில் சொல்லலாம், வீதி நாடகம் போடலாம், கிளினிக்கிலும் முன்பள்ளியிலும் தாய்மாரோடு பேசலாம், வீடு வீடாகப் போகலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அன்று முடிவு எட்டப்படவில்லை. செயலாளர் என்ற முறையில் ஒவ்வொன்றையும் எடைபோட்டு எழுதித் தரும்படி என்னிடம் விட்டார்கள். இதே கேள்வியோடு இருக்கும் மற்ற ஊர் நிலையங்களுக்கும் உதவும் என்று எண்ணி, சபைக்கு எழுதியதைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்த ஆசிரியை. சுகாதாரப் பாடத்தில் தீப்புண்ணைப் பற்றியும் நஞ்சுண்ணலைப் பற்றியும் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். ஆனாலும் என் பேரன் ஒன்றரை வயதில் என் வீட்டிலேயே வெந்துபோனான். விருந்தினர் வந்திருந்தார்கள். தட்டத்தில் தேத்தண்ணீர்க் கோப்பைகள். மேசைவிரிப்பின் தொங்கிய மூலையை அவன் பிடித்து எழும்பினான். அவ்வளவுதான். சட்டைப் பொத்தானைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்தவர் பற்பசையைப் பூசினார், நாங்கள் யாரும் தடுக்கவில்லை. இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடித்திருக்க வேண்டிய புண் அது. இன்று அவனுக்கு ஒன்பது வயது. சட்டை மாற்றும்போதெல்லாம் அந்தத் தழும்பைக் காண்கிறேன். சூடான தேத்தண்ணீர் பிள்ளையைச் சுடும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விரிப்பை எடுக்க வேண்டும் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே ஐந்து யோசனைகளையும் நான் மூன்று கேள்விகளால் அளக்கிறேன். யார் காதில் விழுகிறது? எந்த நேரத்தில் விழுகிறது? ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்குள் போனால் எந்தப் பொருள் இடம் மாறியிருக்கும்? மூன்றாவது கேள்விக்கே அதிக நிறை கொடுத்திருக்கிறேன்.

எதைத் தடுக்கப் போகிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆண்டுதோறும் சுமார் 830,000 பிள்ளைகள் தற்செயல் காயங்களால் இறக்கிறார்கள் என்றது. வீதி விபத்து, நீரில் மூழ்குதல், தீக்காயம், விழுதல், நஞ்சு ஆகியவையே பெரிய காரணங்கள். தெரிந்த தடுப்பு முறைகளை எல்லா இடத்திலும் கைக்கொண்டால் நாளொன்றுக்கு ஆயிரம் உயிர்களையாவது காப்பாற்றலாம் என்றும் அது சொன்னது. வீதியை விட்டுவிட்டால் மற்ற நான்கும் எங்கள் வளவுகளுக்குள்ளேயே இருக்கின்றன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிள்ளைக்கு நீராபத்து என்றால் அது பெரும்பாலும் கிணறு, அல்லது குளியலறையில் நிரப்பி வைத்த வாளி. குசினியில் கஞ்சி வடிக்கும் பானை. தோட்டக்கார வீடுகளில் பழைய சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய், சில வீடுகளில் பயிருக்கு அடிக்கும் மருந்தும் அப்படியே. வேலியோரம் மஞ்சள் அலரி, அதன் நச்சுக் கொட்டை விளையாட்டுக் காயைப்போல் இருக்கும். மாமரமும் கொய்யாவும் கையை முறிக்கும், ஆனால் அவற்றில் உயிர் போவது அரிது. நான்கையும் ஒரே அளவில் பேச வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

துண்டுப்பிரசுரத்தை விரைவாகக் கடக்கிறேன். மலிவு, ஒரு வாரத்தில் வேலை முடியும், படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பலாம். ஆனால் சென்ற கிழமை நான் போன ஒரு வீட்டில், முன்பு எப்போதோ கொடுத்த பாதுகாப்புப் பிரசுரம் குசினித் தட்டில் தூசி படாமல் விரிக்கப்பட்டிருந்தது. அந்தத் தாளின் மேலேயே மண்ணெண்ணெய்ப் போத்தல் நின்றது. தட்டு என் முழங்கால் உயரம். அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. பத்து விடயங்களைச் சொல்லும் தாள் எதையும் செய்யச் சொல்வதில்லை. பதாகைக்கும் இதே நிலைதான். சந்தியில் கட்டிய பதாகையைப் பார்ப்பவர் அந்த நேரம் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார்.

ஒரேயொரு தாளுக்கு மட்டும் நான் பணம் ஒதுக்குவேன். விபத்து நடந்த பிறகு பார்க்கவேண்டிய தாள் அது. குசினிச் சுவரில், பெரியவரின் கண் மட்டத்தில், பெரிய எழுத்தில் நான்கே வரி: சுட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர், பற்பசையும் ஐஸும் வேண்டாம்; மண்ணெண்ணெய் குடித்தால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்; போத்தலையும் குளிசைப் பொதியையும் வைத்தியசாலைக்குக் கையோடு கொண்டுபோங்கள்; அம்புலன்சுக்கு 1990. மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட, வாந்தியோடு மேலே வந்து சுவாசப்பைக்குள் போகும்போது செய்யும் கேடு பெரிது. அது தெரியாமல் உப்புத்தண்ணீர் பருக்கிவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதறும் நேரத்தில் நினைவுக்கு எதுவும் வராது. அப்போது சுவரில் தாள் இருக்க வேண்டும்.

ஒலிபெருக்கி யோசனையைச் சொன்னவர் திருவிழாக் கூட்டத்தை எண்ணிச் சொன்னார். கூட்டம் உண்டு, ஆனால் அர்ச்சனை அறிவிப்புக்கும் காணாமற்போன செருப்பு அறிவிப்புக்கும் நடுவே வரும் பாதுகாப்பு அறிவுரை வீடுவரை வந்து சேராது. ஒரு விடயத்துக்கு மட்டும் அந்த இடம் மிகப் பொருத்தம்: கச்சான். நல்லூரில் கொடியேறி இருபத்தைந்து நாளும், எங்கள் ஊர்க் கோயிலில் பத்து நாளும், கச்சான் பொதி இல்லாமல் யாரும் வீடு திரும்புவதில்லை. கடைவாய்ப் பல் முளைத்து நன்றாக மெல்லப் பழகாத பிள்ளைக்குக் கச்சான் மூச்சுக்குழாய்க்குள் போகும் பொருள். நான்கு வயதுவரை கொடுக்கக் கூடாது. வாங்கும் இடத்திலேயே, வாங்கும் நேரத்திலேயே சொன்னால் அந்தக் கை ஒரு கணம் நிற்கும். கச்சான் விற்கும் அம்மாமார் நாலு பேரிடம் பேசினாலே போதும், அவர்கள் ஒலிபெருக்கியைவிட நன்றாகச் சொல்வார்கள். செலவில்லை.

வீதி நாடகத்தில்தான் எனக்கு மனம் இரண்டுபட்டது. எங்கள் பகுதியில் நாடகத்துக்குப் பெரிய மரபு உண்டு, இளைஞர்களிடம் திறமையும் இருக்கிறது. கிளினிக்குக்கு ஒருநாளும் வராத அப்பாமாரும் அப்பப்பாமாரும் நாடகத்துக்கு வந்து நிற்பார்கள். வேறெந்த வழியும் தொடாத ஓர் இடத்தை நாடகம் தொடும். பிள்ளை கிணற்றுக்குள் விழுந்தால் எங்கள் ஊர் அதைப் பொல்லாத காலம் என்கிறது, சாதகத்தில் தண்ணீர்க் கண்டம் இருந்தது என்கிறது. விதி என்று நம்புகிறவர் கிணற்றுக்கு மூடி போடமாட்டார். அந்த நம்பிக்கையை அசைக்கத் தாளால் முடியாது, ஒரு நல்ல நடிகனால் முடியும்.

ஆனால் நான் பார்த்த விபத்து நாடகங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரித்தான் முடிந்தன: தாய் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பாள், பிள்ளைக்கு விபத்து நடக்கும், கடைசிக் காட்சியில் தலையில் அடித்து அழுவாள். பார்த்துவிட்டுப் போகும் கூட்டம் கவனமில்லாத தாய் என்ற ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டு போகிறது. அது ஆபத்தான பாடம். மாமியின் ஏச்சுக்குப் பயந்து, பிள்ளை குளிசை விழுங்கியதை இரண்டு மணி நேரம் மறைத்து வைத்திருந்த ஒரு இளந்தாயை எனக்குத் தெரியும். பிள்ளை தப்பியது, அவள் இன்னும் தேறவில்லை. வெட்கத்தைக் கூட்டும் விழிப்புணர்வு பிள்ளையை வைத்தியசாலைக்குப் பிந்தியே கொண்டுபோய்ச் சேர்க்கும். நாடகம் போடுவதென்றால் அதில் அழவேண்டியவர் மூடி போடாத அப்பா. அத்தோடு ஒத்திகை, ஒலியமைப்பு, வாகனம் என்று ஒரு நல்ல நாடகம் எங்கள் பணத்தில் பாதியைத் தின்றுவிடும். முதல் வருடத்துக்கு வேண்டாம் என்றே முடிவுக்கு வந்தேன். இளைஞர்கள் மனம் வருந்தக்கூடும், அவர்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

கிளினிக் யோசனை எளிமையானது, ஆனால் எங்கள் நாட்டில் அதற்கு இருக்கும் வாய்ப்பு பல நாடுகளில் இல்லை. பிள்ளை பிறந்து 2, 4, 6, 9, 12, 18 மாதங்களில் தடுப்பூசிக்குத் தாய் வந்தே தீருவாள், பிறகு 3 வயதில் வருவாள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கும் போகிறார், அவருக்கு எந்த வீட்டில் எந்த மாதத்துப் பிள்ளை என்பது கையேட்டில் இருக்கிறது. இதிலுள்ள பலம் நேரம். 9 மாத ஊசிக்கு வரும் பிள்ளை தவழத் தொடங்கியிருக்கும். அன்று சொல்ல வேண்டியது தரையிலும் வாளியிலும் உள்ளதைப் பற்றி. 12 மாதத்தில் எழுந்து பிடிக்கும் வயது, அன்று மேசைவிரிப்பையும் பிளாஸ்க்கையும் பற்றி. 18 மாதத்தில் ஏறும், திறக்கும். அன்று கிணற்றையும் குளிசையையும் பற்றி. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டுவதைவிட, வரப்போகும் மூன்று மாதத்துக்கு உரியதை மட்டும் சொன்னால் தாய் பிடித்துக்கொள்வாள்.

குறையும் உண்டு. கிளினிக் நாளில் வரிசை நீளம், பிள்ளை அழும், பேசுவதற்குக் கிடைப்பது சில நிமிடம். அங்கே வருவது தாய் மட்டும். எங்கள் ஊரில் பகலில் பிள்ளையைப் பார்ப்பது அனேகமாக அம்மம்மா. முன்பள்ளிக் கூட்டமோ மூன்று வயதுக்குப் பிறகுதான் எட்டும், அதற்குள் ஆபத்தான காலத்தின் பெரும்பகுதி கடந்துவிடுகிறது. ஆனாலும் இதற்குப் பணம் தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு கடிதம், உத்தியோகத்தரின் சம்மதம், அவ்வளவே. ஆகவே எதைத் தேர்ந்தாலும் இதைக் கூடவே செய்யலாம்.

இனி வீடு வீடாகப் போவது. இதைப் பரீட்சித்துப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று, சென்ற கிழமை குடும்பநல உத்தியோகத்தரோடு நான்கு வீடுகளுக்குப் போனேன். முதல் வீட்டில் நாங்கள் கதிரையில் இருந்து பேசினோம், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வீட்டில் நான் தரையில், பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் வீடே வேறு. கதிரை முதுகில் தொங்கிய கைப்பையின் வாய் என் முகத்துக்கு நேரே இருந்தது. உள்ளே அம்மம்மாவின் நீரிழிவுக் குளிசை, கடுதாசி உறைக்குள் தளர்வாக. சர்க்கரையைக் குறைக்கும் சில குளிசைகளில் ஒன்றே ஒன்று ஒரு சிறுபிள்ளையை மயக்கத்தில் தள்ளப் போதும். தாய்க்குக் கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசையும் அந்த வயதுக்கு நஞ்சு. ரிமோட்டின் பின்மூடி கழன்று கிடந்தது, உள்ளே பொத்தான் பற்றரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கும் பொருள்.

மூன்றாவது வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு நல்ல உயரம், என் இடுப்புக்கு மேல். தகப்பனுக்கு அதில் பெருமை. ஆனால் உடுப்புத் தோய்க்கும் கல் கட்டோடு ஒட்டி நின்றது. மூன்று வயது மகளைக் கூப்பிட்டு, "வாளி எங்கே இருக்கிறது, காட்டு பிள்ளை" என்றேன். அவள் கல்லில் ஏறி, கட்டில் வயிற்றை வைத்து, உள்ளே எட்டிக் கை காட்டினாள். நான் அவள் சட்டையைப் பிடித்தபடிதான் நின்றேன், ஆனாலும் தகப்பனின் முகம் வெளிறிவிட்டது. "ரீச்சர், இவள் ஏறுவாள் என்று எனக்குத் தெரியாது" என்றார். நாங்கள் படலையைத் தாண்டுவதற்குள் அலவாங்கு கொண்டுவந்து கல்லைப் புரட்டத் தொடங்கிவிட்டார். ஒரு சதம் செலவில்லை. எந்தத் தாளும் எந்த மேடையும் அந்தக் கல்லைக் கண்டிருக்காது.

நான் நினைப்பதற்கு வெளியுலகிலும் சான்று இருக்கிறது. நியூயோர்க் நகரச் சுகாதாரத் திணைக்களம் 1972இல், மாடி யன்னலிலிருந்து பிள்ளைகள் விழுவதைத் தடுக்க இயக்கம் தொடங்கியபோது, பெற்றோரிடம் பேசியதோடு யன்னல் கம்பியையும் இலவசமாகக் கொடுத்தது. 1976இல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். எங்கள் நாட்டிலேயே இன்னொரு சான்று சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. குப்பி விளக்கு கவிழ்ந்து எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து செய்து, 1992இல் கவிழாத விளக்கையே செய்து கொடுத்தார். குட்டையான, கனத்த கண்ணாடி, இரண்டு தட்டைப் பக்கம், திருகு மூடி. மார்மைற் போத்தலைப் பார்த்து வந்த யோசனை. 1998இல் ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. 1990க்குப் பிறகு மின்சாரமில்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்கள் தலைமுறைக்கு அந்த விளக்கின் அருமை சொல்லத் தேவையில்லை. வீட்டுப் பாதுகாப்புப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டின் கொக்ரேன் தொகுப்பும், நேரில் பேசுவது வீட்டுப் பழக்கத்தை மாற்றுகிறது, அதோடு சாதனமும் கொடுத்தால் அந்த மாற்றம் கூடுகிறது, வீட்டுக்கே போய்ச் செய்தால் காயம் குறைவதற்கான அறிகுறியும் தெரிகிறது என்ற பக்கமே சாய்கிறது.

இந்த வழியின் தொல்லைகளையும் மறைக்கக் கூடாது. பிறர் தம் குசினிக்குள் வருவதை யாரும் விரும்புவதில்லை. குறை பிடிக்க வந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் அடுத்த வீட்டுப் படலை திறக்காது. அதனால் தெரிந்த முகம் வேண்டும், கையில் படிவமும் பேனையும் இருக்கக் கூடாது, போகும்போது வெறுங்கையோடு போகவும் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகள் எங்கள் ஊரில் அறுபதுக்குச் சற்று மேல். இரண்டு பேராக நான்கு குழு போனாலும் இரண்டு மாத வார இறுதிகள் வேண்டும். ஒரு தடவை போனால் போதாது, ஆறு மாதத்தில் பிள்ளை வேறு பிள்ளையாகிவிடும்.

எதைப் பொருத்துவது என்பதிலும் ஒரு சிறு ஒப்பீடு தேவை. குசினி வாசலுக்கு மரப்படலை: ஊர்த் தச்சரே செய்வார், தாய் அடுப்படியில் நின்றபடி பிள்ளையைப் பார்க்கலாம், பிள்ளை உள்ளே வராது. அலுமாரிக்கு உயரத்தில் கொளுக்கி, குளிசைக்குப் பூட்டுள்ள சிறு பெட்டி: செலவு மிகக் குறைவு, எல்லா வீட்டுக்கும் கொடுக்கலாம். கிணற்றுக்கு மூடிதான் செலவு பெரிது. மீன்வலையைக் கட்டிவிடலாம் என்றார் சபையில் ஒருவர். வெயிலில் உக்கிய வலை பிள்ளையின் பாரத்தைத் தாங்காது, மேலே ஏறலாம் என்ற எண்ணத்தை மட்டும் கொடுக்கும், விழுந்தால் சிக்கவும் வைக்கும். அது வேண்டவே வேண்டாம். இரும்புக் கம்பிச் சட்டம், பிள்ளையின் தலை நுழையாத இடைவெளி, தண்ணீர் அள்ள ஒரு பக்கம் திறந்து பூட்டும் கதவு: இதுவே சரி. எங்கள் பணத்தில் எல்லாக் கிணற்றுக்கும் போட முடியாது. மோட்டரில் தண்ணீர் எடுக்கும் வீட்டில் கிணற்றைத் திறந்து வைக்கவேண்டிய தேவையே குறைவு, அங்கே வீட்டுக்காரரைப் பாதிச் செலவு ஏற்கக் கேட்கலாம்.

ஆறாவதாக ஒரு வழி இருந்தது, கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. வங்காளதேசத்தில் ஊர்ப் பெண்களைப் பயிற்றி, காலை 9 மணிமுதல் பிற்பகல் 1 மணிவரை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஓரிடத்தில் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செய்தார்கள். தாய் வேலையில் மூழ்கியிருக்கும் அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் அதிகம் நீரில் மூழ்குகிறார்கள் என்று கண்டதால். அங்கே சேர்ந்த பிள்ளைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மனதைத் தொடும் திட்டம், ஆனால் மாதாமாதம் சம்பளம் வேண்டும். ஒருமுறை வந்த ஒன்றரை இலட்சத்தில் தொடங்கி நடுவில் நிறுத்துவது தாய்மாரை ஏமாற்றுவதாகிவிடும்.

ஆகவே நான் சபைக்கு வைத்த கணக்கு இது. ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா வீடு வீடாகப் போய்ப் பொருத்துவதற்கு: படலை, கொளுக்கி, பெட்டி, அத்தோடு மிக ஆபத்தான சில கிணறுகளுக்கு மூடி. பத்தாயிரம் அந்த நான்கு வரிச் சுவர்த்தாளுக்கு. மீதி இருபதாயிரம், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போகும்போது கழன்றதைப் பூட்டுவதற்கும் துருப்பிடித்ததை மாற்றுவதற்கும். கிளினிக்கும் கச்சான் கடைகளும் பணமில்லாமலே நடக்கும். நாடகக்கார இளைஞர்கள்தான் நான்கு குழுவிலும் போகிறவர்கள். ஆளோடு ஆள் பேசிப் பழகியவர்கள், எந்த வீட்டிலும் தரையில் இருக்கத் தயங்காதவர்கள்.

சபையில் ஒருவர் கேட்டார், ஆளில்லாத வளவுகளை என்ன செய்வது என்று. நல்ல கேள்வி. எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வேலி சரிந்து, கட்டு இடிந்து, கிணற்றைப் பற்றை மூடியிருக்கிறது. மாரி பெய்தால் தண்ணீர் வாயளவுக்கு ஏறிவிடும். அங்கே விழிப்பூட்ட யாரும் இல்லை, பந்து எடுக்கப் போகும் பிள்ளைகள் மட்டும் இருக்கிறார்கள். ஐப்பசிக்கு முன் அந்த மூன்று கிணறும் மூடப்பட வேண்டும், முதல் மூடி அங்கேதான் போகவேண்டும் என்று எழுதினேன். வேலை செய்ய உரிமையாளரின் சம்மதம் வேண்டும். பணம் அனுப்பிய குடும்பத்திடமே கேட்டோம். அந்த மூன்றில் ஒன்று அவர்களுடைய சித்தப்பாவின் வளவு. மறுநாள் காலையில் தொலைபேசி வந்தது. தங்கள் கிணற்றுக்கு ஆகும் செலவைத் தனியாக அனுப்புவதாகவும், வெல்டிங் கடைக்காரரை அளவெடுக்க உடனே அனுப்பும்படியும் சொன்னார்கள். சனிக்கிழமை அவரோடு நானும் போகிறேன்.